சப்மரைன்காரர் எங்க நைனா

கேள்வி: அப்பா கடற்படையில் இருந்தால் பிள்ளைகள் அவரோடு நெருக்கமாக வளர முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

இந்தக் கேள்விய 2006க்கு முன்னாடி கேட்டிருந்தா நான் முடியாதுன்னு தான் எழுதியிருப்பேன். அதுக்கப்புறம் தான் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்துச்சு, அதைச் சொல்லணும்னா மொதல்ல இருந்து சொல்லணும், கொஞ்சம் நீளமா தான் போகும், பொறுத்துக்கங்க.

நாங்க தண்டையார்பேட்டை. அப்பாவ எங்க வீட்ல நைனான்னு தான் கூப்பிடுவோம், பாட்டிய ஆயான்னு. தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்குனவர். நைனா 1976ல 17 வயசுல நேவில சேர்ந்தாரு. வைசாக்ல ட்ரெயினிங், அப்புறம் லோனாவாலால ஐஎன்எஸ் ஷிவாஜில இன்ஜின் வேலை கத்துக்கினாரு. கொஞ்ச வருஷம் கப்பல்ல இருந்துட்டு தானே பேர் குடுத்து சப்மரைனுக்கு, அதான் நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போனாரு. சப்மரைனுக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டாங்களாம், தானா விருப்பப்பட்டு வரணும். அலவன்ஸ் கூட வரும்னு தான் போனேன்னு என்கிட்ட சொல்லியிருக்காரு, ஆனா அந்த ரெண்டு டால்பின் போட்ட பேட்ஜை அவர் துடைச்சு வைக்கிறத பார்த்தா காசு மட்டும் காரணமில்லன்னு தெரியும். வைசாக்ல ஐஎன்எஸ் சாதவாகனான்னு ஒரு ஸ்கூல் இருக்கு, சப்மரைன்காரங்களுக்குன்னே, அங்க படிச்சு பாஸ் பண்ணா தான் அந்த பேட்ஜ்.

எனக்கு ஞாபகம் இருக்கிற மொத நைனா ஒரு வாசனை தான். 1989, 90 இருக்கும், கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல சென்ட்ரல்ல வந்து இறங்குவாரு, நாங்க பிளாட்பாரத்துல நிப்போம். தூக்குவாரு, நான் மூஞ்சிய திருப்பிக்குவேன். டீசல் வாசனை. சோப்பு போட்டு குளிச்சிட்டு தான் வண்டி ஏறியிருப்பாரு, ஆனாலும் அடிக்கும், முடியில, சட்டையில, பெட்டிக்குள்ள எங்களுக்கு வாங்கினு வந்த பொம்மையில கூட. ஒரு வாரம் ஆகும் போறதுக்கு. அது போயி நாங்க ஒட்டிக்கிற நேரத்துல பாதி லீவு முடிஞ்சிருக்கும்.

அந்தக் காலத்து சப்மரைன் எப்படின்னு தெரிஞ்சா தான் இந்த வாசனை புரியும். ரஷ்யாவுல செஞ்ச பாக்ஸ்ட்ராட் வகை, சுமார் 91 மீட்டர் நீளம், உள்ள 75 பேர் மாதிரி இருப்பாங்க. மூணு டீசல் இன்ஜின், மூணு மோட்டார். தண்ணிக்கடியில டீசல் ஓடாது, காத்து வேணும்ல, அதனால பகல்ல பேட்டரில ஓட்டிட்டு ராத்திரி கொஞ்சம் மேல வந்து ஒரு குழாய மட்டும் கடலுக்கு மேல நீட்டி காத்து இழுத்து, டீசல் போட்டு பேட்டரிய சார்ஜ் பண்ணணும். நைனா வேலை அந்த இன்ஜின் கிட்ட. சூடு, சத்தம், பேசுனா கேக்காது, கையால தான் ஜாடை. படுக்க ஆளுக்கு ஒரு பெட் கெடையாது, ஒருத்தர் டூட்டிக்குப் போனா அந்த சூடு ஆறாத பெட்ல இன்னொருத்தர் வந்து படுப்பாரு. நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும் தான். வாரக்கணக்குல குளியல் கெடையாது, துணி துவைக்கிறது கெடையாது. ஈரத்துணியால தொடச்சிக்க வேண்டியது தான். அப்படி இருந்துட்டு வந்த மனுஷனைத் தான் நான் நாத்தம்னு சொல்லி மூஞ்சிய திருப்பியிருக்கேன்.

எங்க போறாரு, எப்போ வருவாருன்னு எதுவுமே சொல்ல மாட்டாரு. சொல்லக் கூடாது. "வெளிய போறோம்"னு அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை. ஆனா வாரத்துக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்துடும், தவறவே தவறாது. சனிக்கிழமை போஸ்ட்மேன் சைக்கிள் பெல் அடிச்சா தம்பி ஓடுவான். அம்மா அடுப்புகிட்ட உக்காந்து சத்தமா படிப்பாங்க, ஆயா காது குடுத்து கேக்கும். அம்மாவுக்கு நாலு வரி, ஆயாவுக்கு ரெண்டு வரி, எனக்கும் தம்பிக்கும் தனித்தனியா. "கண்ணு, கால் பரிட்சை முடிஞ்சிருக்கும், லீவுல தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடு"ன்னு இருக்கும், கரெக்டா அந்த வாரம் தான் எனக்கு பரிட்சை முடிஞ்சிருக்கும்.

ஆனா ஒண்ணு, நான் கேட்டதுக்கு பதிலே வராது. ஸ்கூல்ல டான்ஸ் ஆடுனேன், பிரைஸ் வாங்குனேன், கை உடைஞ்சு கட்டு போட்டிருக்கேன்னு நான் பக்கம் பக்கமா எழுதுவேன், அடுத்த வாரம் வர்ற லெட்டர்ல அதப் பத்தி ஒரு சொல் இருக்காது. ரெண்டு மாசம் கழிச்சு திடீர்னு ஒரு லெட்டர்ல "கை எப்படி இருக்கு கண்ணு, எந்தக் கை, எழுதுற கையா"ன்னு வரும். கட்டு பிரிச்சே ஒரு மாசம் ஆகியிருக்கும். நைனா நம்ம லெட்டரை படிக்கிறதே இல்லன்னு நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

1994ல ஆயா செத்துப் போச்சு. எனக்கு 10 வயசு. அம்மா தந்தி அடிச்சாங்க, நைனா வரல. தம்பி தான் கொள்ளி வெச்சான், ஏழு வயசுப் பையன், மொட்டை போட்டு, பெரியப்பா கையப் புடிச்சிக்கினு. அடுத்த சனிக்கிழமை லெட்டர் வந்துச்சு. அம்மா படிச்சாங்க, ஆயாவுக்கான இடம் வந்ததும் தாண்டிப் போயிட்டாங்க. நான் அப்புறமா அம்மா இல்லாதப்போ எடுத்துப் பார்த்தேன். "ஆயாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு, ராத்திரில தைலம் தேச்சு விடு கண்ணு"ன்னு இருந்துச்சு.

அன்னைக்கு எனக்கு வந்த கோபம் ரொம்ப வருஷம் போகல. பெத்த தாய் செத்து தந்தி குடுத்திருக்கோம், இவர் முட்டி வலியக் கேக்குறாரேன்னு. ஆயா போய் 19 நாள் கழிச்சு தான் வந்தாரு. காரியம்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. ஷேவ் பண்ணாத மூஞ்சியோட வந்து ஆயா படுக்கிற கட்டில்ல உக்காந்தாரு, சாப்பிடல, யார்கிட்டயும் பேசல, ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தாரு. நான் கிட்ட போகல. அன்னைக்கு போயிருக்கலாம்னு இப்பவும் நெனச்சுக்குவேன்.

2000ல சீஃப் பெட்டி ஆபீசரா ரிட்டயர் ஆகி வந்தாரு, 24 வருஷ சர்வீஸ். எனக்கு 16 வயசு, திடீர்னு வீட்ல ஒரு ஆம்பளை, எல்லாத்துக்கும் டைம். காலைல அஞ்சுக்கு எழுந்துக்குவாரு. எந்த வாசல்ல நுழைஞ்சாலும் தலைய குனிஞ்சு ஒரு காலை தூக்கி வெச்சு தான் வருவாரு, எங்க வீட்டு வாசல்ல அதுக்கு அவசியமே இல்ல. ராத்திரி ஒம்போது மணிக்கு வீட்ட ஒரு சுத்து சுத்தி வருவாரு, அதுக்கு பேரு ரவுண்ட்ஸ். கேஸ் மூடியிருக்கா, ரெகுலேட்டர் ஆஃப் ஆகியிருக்கா, கதவு தாழ்ப்பாள், டிரம்ல எவ்ளோ தண்ணி இருக்கு. கேஸ் விஷயத்துல ரெண்டு தடவ மோந்து பார்ப்பாரு. சப்மரைன்ல பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வருமாம், அது கொஞ்சம் சேர்ந்தாலும் ஆபத்து, அந்த பழக்கம். இடது காது பாதி கேக்காது, அதனால டிவி சத்தமா வைப்பாரு, நான் படிக்க முடியலன்னு கத்துவேன், அதுவும் கேக்காது.

எங்களுக்குள்ள அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது தண்ணிப் பஞ்சத்துல தான். 2003, 2004ல மெட்ராஸ்ல இருந்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல. புழல் ஏரி வறண்டு, பைப்ல தண்ணி நின்னே போயி, தெருமுனைல கருப்பு டேங்க் வெச்சு லாரி வந்து ஊத்தும். லாரி எப்போ வரும்னு தெரியாது, ராத்திரி ரெண்டு மணிக்கு கூட வரும். எங்க தெருவுல குடத்தால அடிச்சிக்கினு ஒரு அக்காவுக்கு மண்டை உடைஞ்சு போச்சு. மறுநாள் நைனா ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் வாங்கினு வந்து வீடு வீடா போனாரு. ஒவ்வொரு வீட்டுக் குடத்துலயும் வீட்டு நம்பர் எழுதுனாரு. ஒரு நோட்டு போட்டாரு. வீட்டுக்கு எத்தனை பேர், எத்தனை குடம், கைக்கொழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒண்ணு கூட, தனியா இருக்கிற கெழவிங்க குடத்தை ரொப்பி வீட்டுல கொண்டு போய் வைக்க தெரு பசங்க ரெண்டு பேர். மொதல்ல "இன்னா நேவிக்காரரே, நீ இன்னா எங்களுக்கு ஆபீசரா"ன்னு சண்டைக்கு வந்தாங்க. அவரு கத்தவே இல்ல. தன் வீட்டு குடத்தை வரிசைல கடைசியா வெச்சாரு. தினமும் கடைசி. ஒரு வாரத்துல யாரும் பேசல.

வீட்டுக்குள்ள அவரு ஒரு மக் தண்ணில குளிப்பாரு. பொய் இல்ல, ஒரே மக். துண்டை நனைச்சு பிழிஞ்சு கழுத்துல ஆரம்பிச்சு கால் வரைக்கும் வருவாரு, மிச்ச தண்ணில துண்டை அலசி அந்தத் தண்ணிய கக்கூஸ்க்கு ஊத்துவாரு. "ஒரு மக் போதும், மனுஷன் அழுக்கால சாக மாட்டான், தாகத்துல தான் சாவான்"ம்பாரு. ஆனா வாரத்துல ரெண்டு நாள் நான் காலேஜ் போறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல ஒரு முழு பக்கெட் தட்டு போட்டு மூடி இருக்கும், தலைக்கு ஊத்திக்க. எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. கட் பண்ணிக்கிறேன் நைனா, தண்ணி மிச்சமாகும்னு சொன்னேன், "உன் முடிக்கு கணக்கு எழுதியாச்சு கண்ணு, நீ ஊத்திக்கினு போ"ன்னாரு. நோட்டுல போய்ப் பார்த்தேன், எங்க வீட்டு வரிசைல அவர் பேருக்கு நேரா அரைக் குடம், எனக்கு ஒன்றரை.

2006ல எல்லாரையும் வைசாக் இட்டுனு போனாரு. அங்க ஆர்.கே. பீச்ல ஐஎன்எஸ் குர்சுரான்னு ஒரு சப்மரைனை கரைல ஏத்தி மியூசியமா வெச்சிருக்காங்க, 2001ல சர்வீஸ் முடிஞ்சு அடுத்த வருஷமே மியூசியம் ஆயிடுச்சு. நைனா இருந்த அதே மாதிரி தான். போனவங்களுக்குத் தெரியும், ஒரு ரூம்லருந்து இன்னொரு ரூமுக்கு வட்டமா ஒரு ஓட்டை, தலைய குனிஞ்சு காலை தூக்கி வெச்சு தான் போகணும். நைனா எங்களுக்கு முன்னாடி போறாரு, அதே குனிவு, அதே கால். எங்க வீட்டு வாசல்ல ஆறு வருஷமா நான் பார்த்தது இங்க இருந்து வந்ததான்னு அப்போ தான் ஒறைச்சுது. தம்பி ஒரு பெட்ட காட்டி இதுல நீங்க எப்படி நைனா காலை நீட்டுவீங்கன்னு கேட்டான், "நீட்ட மாட்டேன்"னாரு, அவ்ளோ தான்.

அன்னைக்கு கூட வந்தவரு நைனாவோட பழைய பிரெண்டு, தெலுங்குக்காரர், வைசாக்லயே செட்டில் ஆனவர். வெளிய வந்து பீச்ல சோளம் சாப்பிட்டுக்கினு இருந்தோம், அவரு உடைஞ்ச தமிழ்ல என்னப் பார்த்து, "நீ தான் பரிட்சை பாப்பாவா? உன் ஸ்கூல் டைரிய காப்பி எடுத்து வெச்சிருந்தாரு உங்க டாடி, அதைப் பார்த்து பார்த்து தான் லெட்டர் எழுதுவாரு"ன்னாரு. எனக்குப் புரியல. அவரு சொன்னாரு. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி நைனா ரெண்டு மூணு நாள் தூங்காம உக்காந்து ஆறு, ஏழு, எட்டு லெட்டர் எழுதுவாராம். தண்ணிக்கடியில போஸ்ட் பாக்ஸ் ஏது. எழுதி, மூலைல பென்சில்ல 1, 2, 3ன்னு நம்பர் போட்டு, தேதி இடத்தை காலியா விட்டு, பேஸ்ல கரைல டூட்டி பாக்குற இவர்கிட்ட குடுத்துட்டுப் போவாராம். இவரு வாரத்துக்கு ஒண்ணு எடுத்து, பென்சிலை அழிச்சு, தேதி போட்டு, தபால்ல போடுவாரு. பத்து வருஷத்துக்கு மேல.

நான் "94ல எங்க ஆயா செத்தப்போ வந்ததும் நீங்க போட்டதா அங்கிள்"னு கேட்டுட்டேன். அவரு கையில சோளத்தை வெச்சிக்கினே நைனாவைப் பார்த்தாரு. அவருக்கு தமிழ் படிக்கத் தெரியாது. தந்தி வந்தது தெரியும், கடல்ல இருக்கிறவனுக்கு சேதி சொல்ல வழியில்லன்னும் தெரியும். லெட்டர்ல ஆயாவப் பத்தி எழுதியிருக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும், வாரம் தவறக் கூடாதுன்னு போட்டுட்டாரு. நைனா அவரு தோள்ல கைய வெச்சு தெலுங்குல என்னமோ சொன்னாரு. அப்புறம் என்கிட்ட "பழசு கண்ணு, வா போலாம்"னாரு.

ஊருக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே டிரங்க் பெட்டிய எறக்குனேன். எல்லா லெட்டரும் நைனா கையெழுத்து, கருப்பு இங்க். மேல தேதி மட்டும் நீலம், வேற கை. அத்தனை வருஷம் என் கையில இருந்த கடுதாசி, நான் கவனிக்கவே இல்ல. அம்மாகிட்ட போய் சொன்னேன். அம்மா வெங்காயம் உரிச்சிக்கினே, "மொத வருஷமே தெரியும்டி எனக்கு. தேதி போட்டது வேற ஆளுன்னு கூடவா தெரியாது? ஆனா நீங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை பெல் சத்தத்துக்கு ஓடுவீங்க பாரு"ன்னாங்க. அதுக்கு மேல சொல்லல.

அதுக்கப்புறம் நான் நைனாகிட்ட பேசுனதெல்லாம் இங்க எழுத முடியாது, நெறைய. ரிட்டயர் ஆனதுலருந்தே காசிமேட்டுல போட் இன்ஜின் ரிப்பேர் பாத்துக்கினு இருந்தாரு, சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வர்ற வழியில பட்டறைக்குப் போயிடுவேன், ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு ஒண்ணா நடந்து வருவோம். அவருக்குக் காது கேக்காத பக்கம் நான் வந்தா கையால ஜாடை, இன்ஜின் ரூம் ஜாடை, எனக்கும் கத்துக் குடுத்துட்டாரு.

அவர் கொஞ்ச வருஷம் இருந்த சப்மரைன் ஒண்ணு ஐஎன்எஸ் வாக்லி, 1974ல வந்தது, 2010 டிசம்பர்ல சர்வீஸ் முடிஞ்சுது, நம்ம நேவியோட கடைசி பாக்ஸ்ட்ராட் அது தான். மகாபலிபுரத்துல மியூசியமா வைக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்போ சின்னப் பையன் மாதிரி ஆயிட்டாரு. என் பையனை மடியில வெச்சிக்கினு, "தாத்தா படுத்த பெட்ட உனக்கு காட்டுறேன்டா"ன்னு தெனமும் சொல்லுவாரு. அந்த மியூசியம் வரவே இல்ல. அதை நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

2017 ஜனவரி 28 எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சே, அப்போ அவருக்கு 58 வயசு. எர்ணாவூர் கடற்கரைக்கு பக்கெட் எடுத்துக்கினு போயிட்டாரு. மீனவங்க, கோஸ்ட் கார்டு, காலேஜ் பசங்கன்னு எல்லாரும் அந்த கருப்பு சகதிய கையாலயும் பக்கெட்டாலயும் அள்ளிக்கினு இருந்தாங்க. வெறுங்கையால தொடாதீங்கடான்னு பசங்ககிட்ட கத்திக்கினே இருந்தாராம், ஒட்டிக்கிச்சுன்னா மொதல்ல தேங்காய் எண்ணெய் தேச்சு தொடைங்க, அப்புறம் சோப்பு போடுங்கன்னு. மூணு நாள் போனாரு. ராத்திரி வீட்டுக்கு வந்தப்போ என் பையன் "தாத்தா நாறுது"ன்னு மூக்கைப் புடிச்சான். நான் போயி நைனாவ கட்டிப் புடிச்சிக்கினேன், அந்த சட்டையோட. "ஏய், புடவை வீணாப்போகுது கண்ணு"ன்னாரு. போகட்டும்னேன்.

2022ல போயிட்டாரு. ராத்திரி ஒம்போது மணி ரவுண்ட்ஸ் முடிச்சு, கேஸை மோந்து பார்த்துட்டு, படுத்தவரு தான். தூக்கத்துலயே.

காலைல நேவில கூட இருந்தவங்க நாலு பேர் வந்து சல்யூட் அடிச்சாங்க, வைசாக் அங்கிள் வீடியோ கால்ல அழுதாரு. மூலக்கொத்தளம் எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி வாசல்ல வெச்சு குளிப்பாட்டணும்ல, அம்மா எங்க வீட்டு குடத்தை எடுக்க உள்ள போனாங்க. திரும்பி வர்றதுக்குள்ள தெருவுல இருந்து ஒவ்வொருத்தரா குடம் எடுத்துக்கினு வர ஆரம்பிச்சிட்டாங்க. யாரும் சொல்லல. அந்த மண்டை உடைஞ்ச அக்கா மொதல்ல வந்துச்சு. வரிசையா வெச்சாங்க. எங்க வீட்டு குடம் கடைசி. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நைனா பெயிண்ட் அடிச்சு விட்ட நம்பர் நாலஞ்சு குடத்துல இன்னும் இருந்துச்சு, ஒரு பச்சைக் குடத்துல 14 பளிச்சுன்னு. அம்மா "ஒரு மக் போதும்ன்ற மனுஷனுக்கு இவ்ளோவா"ன்னு சொல்லிக்கினே ஊத்துனாங்க. நான் தலைப்பக்கம் நின்னு எண்ணுனேன். 23 குடம்.